சராசரி மறைத்த சிகாகோ

அமெரிக்காவில் வீடு தேடும் பெற்றோர் பலர், அந்த வட்டாரப் பள்ளி மாவட்டத்தின் சராசரி மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். நல்ல எண் இருந்தால் வீட்டு விலையும் ஏறிவிடுகிறது. ஆனால் அந்த எண்ணில் பள்ளியின் உழைப்பைவிடக் குடும்பங்களின் வருமானமே அதிகம் தெரிகிறது. இப்படி ஒப்பிடுவது ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இழைக்கும் அநீதி.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் சுமார் 11,000 மாவட்டங்களின் தேர்வு முடிவுகளைத் திரட்டி, வேறு கேள்வி கேட்டார்: மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை எட்டாம் வகுப்புக்குள் எவ்வளவு முன்னேறியது?

சிகாகோவின் கதை அங்கே மாறியது. மூன்றாம் வகுப்பில் அந்நகரப் பிள்ளைகள் நாட்டுச் சராசரிக்கு வெகு கீழே இருந்தார்கள். ஆனால் 2009 முதல் 2014 வரையிலான ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுப் படிப்பைக் கற்றிருந்தார்கள். நாட்டின் 96 சதவீத மாவட்டங்களைவிட இது வேகம்!

ஊர் மாறிப் போகும், வந்து சேரும் பிள்ளைகளால் இந்தக் கணக்கும் சற்றுப் பிசகலாம். ஆனாலும் வீட்டுத் தரகர்கள் நீட்டும் பட்டியலில், சராசரிக்குப் பக்கத்திலேயே இந்த வளர்ச்சி எண்ணையும் அச்சிட வேண்டும்.