கயானா: ஜிடிபி 43% ஏறுச்சு... மக்கள் கைக்கு எவ்வளவு வந்துச்சு?

2020-ல் கொரோனாவால் உலகப் பொருளாதாரமே படுத்துக்கிடந்தது. அந்த வருஷம் ஒரு குட்டி நாட்டின் ஜிடிபி மட்டும் 43% எகிறியது. அதுதான் கயானா. தென் அமெரிக்காவில் இருந்தாலும், கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பான காரிகாமின் தலைமையகம் இருப்பது இதன் தலைநகர் ஜார்ஜ்டவுனில்தான். மக்கள்தொகை சுமார் 8 லட்சம்.

எப்படி நடந்தது?

2015-ல் எக்ஸான் மொபில் நிறுவனம் இங்கே கடலுக்கு அடியில் எண்ணெய் கண்டுபிடித்தது. 2019 டிசம்பரில் உற்பத்தி ஆரம்பம். அந்த வருஷம் சுமார் 6,500 டாலராக இருந்த தனிநபர் ஜிடிபி, 2023-ல் 20,000 டாலரைத் தாண்டியது. உலக வங்கியும் கயானாவை 'அதிக வருமான நாடு' பட்டியலில் சேர்த்துவிட்டது.

அப்போ எல்லாரும் பணக்காரர்களா?

இல்லை. 2020-லேயே எண்ணெயை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மற்ற தொழில்கள் எல்லாம் சேர்த்து 7% அளவுக்குச் சரிந்திருந்தன. எண்ணெய் எடுப்பது கரையிலிருந்து சுமார் 200 கி.மீ. தள்ளி, நடுக்கடலில். பணம் கொட்டும், ஆனால் வேலைவாய்ப்பு குறைவு.

பணம் யாருக்குப் போகுது?

2016 ஒப்பந்தப்படி, 100 ரூபாய்க்கு எண்ணெய் விற்றால் அரசுக்கு ராயல்டி 2 ரூபாய். செலவுக் கணக்கில் 75 ரூபாய் வரை நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளலாம். மீதி 25 ரூபாயில் ஆளுக்குப் பாதி. ஆக, அரசுக்குக் கிடைப்பது 14.50 ரூபாய்தான். போட்ட முதலீடு திரும்பிய பிறகு இந்தப் பங்கு கூடும். ஆனா, ஜிடிபியில் எடுத்த எண்ணெயின் மதிப்பு இப்போதே ஏறிவிடுகிறது. 'நாட்டுக்குள் உற்பத்தியானது' என்பதும் 'நாட்டு மக்களுக்குக் கிடைத்தது' என்பதும் வேற வேற.

அரசு என்ன செய்யுது?

எண்ணெய்ப் பணத்துக்குத் தனி நிதியம் இருக்கிறது. அதிலிருந்து பட்ஜெட்டுக்கு எடுத்து சாலை, பாலம், மருத்துவமனை கட்டுகிறார்கள். 18 வயது நிரம்பியவர்களுக்குத் தலா 1 லட்சம் கயானா டாலர் (சுமார் 480 அமெரிக்க டாலர்) தரப்படும் என 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். புதிய எண்ணெய் வயல்களுக்கு ராயல்டியை 10% ஆக்கியிருக்கிறார்கள். பழைய ஒப்பந்தம் அப்படியே தொடர்கிறது.

எந்த நம்பரைப் பார்க்கணும்?

'தனிநபர் ஜிடிபி' என்பது மொத்தத்தைத் தலைக்கு வகுத்து வரும் சராசரி, யாருடைய சம்பளமும் அல்ல. எண்ணெய் இல்லாத துறைகளின் வளர்ச்சி, சம்பளம், காய்கறி விலை... கயானாவில் ஒரு குடும்பம் எப்படி வாழுதுன்னு தெரியணும்னா பார்க்க வேண்டியது இதைத்தான்.