நெய்யரிப் புலமை போதும்!

எழுதத் தொடங்கும் இளையோரின் கதையையும் பாட்டையும் குத்திக் கிழிப்பதே திறனாய்வு என்றொரு நோய் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கின்றது. இலக்கிய மன்றமாயினும், பாட்டரங்கமாயினும், இதழ் அலுவலகமாயினும் எங்கும் இதே நிலைதான். பதினெட்டு அகவைப் பெண்ணொருத்தி நடுங்கும் கையோடு நீட்டும் தாளை வாங்கியவுடன் நம் புலவர் தேடுவது ஒன்றே ஒன்று: பிழை! அது கிட்டியதும் அவர் முகத்தில் தோன்றும் மலர்ச்சியைக் காணவேண்டுமே! புதையல் கண்டவனும் அத்துணை மகிழான்.

கேட்டால், மரபைக் காக்கின்றோம் என்பர். எந்த மரபை? நன்னூற் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றம் பத்து என்று எண்ணிய பவணந்தியார், அழகும் பத்து என்று எண்ணி வைத்தாரே, அதனை மறந்தனரா? மிகைபடக் கூறலும் கூறியது கூறலும் குற்றமெனின், சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் ஓசையுடைமையும் அழகு. குற்றத்துக்கும் அழகுக்கும் அவர் இட்ட எண் ஒன்றே. பத்துக் குற்றத்தை மட்டும் பாடம் செய்துகொண்டு பத்தழகை மறந்தவர், அப்பகுதியிற் பாதியைத்தான் படித்தவர். பாதி படித்தவர் முழுத் தீர்ப்பு வழங்குவது என்ன முறை?

அதே பாயிரம் மாணாக்கரை வகுக்குமிடத்துத் தலைமாணாக்கர்க்கு அன்னத்தையும், கடைமாணாக்கர்க்கு நெய்யரியையும் உவமை காட்டும். அன்னம் நீரை விடுத்துப் பாலைக் கொள்வது. நெய்யரி என்னும் பன்னாடையோ நல்ல நெய்யைக் கீழே ஒழுகவிட்டுக் கசட்டைத் தன்னிடமே தேக்கிக் கொள்வது. இளையோர் எழுத்தில் கசட்டை மட்டும் பற்றிக்கொள்ளும் பெரும்புலவரைப் பவணந்தியார் எந்த வரிசையில் இருத்துவார் என்பதை யாம் சொல்லவும் வேண்டுமோ? ஆசிரியராகத் தகாதார்க்கு அவர் காட்டும் உவமைகளுள் ஒன்று மடற்பனை. யாரையும் ஏறவிடாது, தானே விழும் பழத்தை மட்டும் தருவது அது. வந்த படைப்புக்கு ஒரு சொல்லும் மறுமொழி எழுதாது குப்பைக் கூடையில் இடும் இதழாசிரியர் வேறு என்ன?

பிறர் நூலிற் பிழை காணுந்தோறும் சீத்தலைச் சாத்தனார் எழுத்தாணியால் தம் தலையைக் குத்திக்கொண்டார் என்றொரு கதை உண்டு. சீத்தலை என்பது ஊர்ப்பெயரே என்று காட்டி அறிஞர் அக்கதையைத் தள்ளினர். பொய்க்கதையே ஆயினும் அதிலும் ஓர் அறம் இருக்கின்றது. அந்தச் சாத்தனார் குத்தியது தம் தலையை! இன்றைய திறனாய்வர் குத்துவது எழுதியவர் தலையை!

'குறையை மறைத்துப் புகழச் சொல்கின்றீரா? எழுத்தின் தரம் என்னாவது?' என்று சிலர் சீறுவர். யாம் பொய்ப்புகழ் வேண்டவில்லை. படிக்காமலேயே 'மிக நன்று, தொடர்ந்து எழுதுக' என்று முதுகில் தட்டுவதும் ஒருவகைப் புறக்கணிப்பே. வசைபாடுவோரும் முகமன் கூறுவோரும் ஒரே குற்றத்தைச் செய்கின்றனர்: எழுத்தைப் படிக்கும் உழைப்பிலிருந்து தப்பி ஓடுகின்றனர். தரத்தைப் பற்றிக் கவலுறுவார்க்கு ஒன்று சொல்வோம். எழுதுவதை விட்டுவிட்டவரிடம் பிழை இராது; பிழை மட்டுமா, எழுத்தே இராது. அத்தகைய பிழையின்மையால் மொழிக்கு என்ன ஆக்கம்?

ஊக்கவுரை எவ்வாறு இருத்தல் வேண்டும்? செங்கற்சூளையில் உழைக்கும் தன் தாயைப் பற்றி ஒரு மாணவி பதினாறு அடிகள் எழுதி வருகின்றாள் என்று கொள்வோம். பதினான்கு அடிகளில் தாய் நிலவு, மலர், கோயில், விளக்கு. எல்லாம் ஆயிரவர் வாயில் அரைபட்டுத் தேய்ந்தவை. இரண்டடிகளில் மட்டும் அத்தாய் பிசைந்து தந்த சோற்றில் செங்கல் நிறம் ஏறியிருந்தது என்கின்றாள். நெய்யரிப் புலவர் பதினான்கைப் பிடித்துக்கொண்டு தாளைக் கிழிப்பார். முகமன்காரர் பதினாறையும் புகழ்வார். உண்மை ஆசிரியர் அவ்விரண்டின் கீழும் கோடிட்டு, 'இவை நின் கண் கண்டவை; ஏனையவை பிறர் கண்டவை. சோற்றிலிருந்து தொடங்கு' என்பார். அவ்வொரு தொடரில் பாராட்டும் உண்டு, கண்டிப்பும் உண்டு, நாளை எழுத வேண்டியதற்கு வழியும் உண்டு. கதையெனினும் இஃதே முறை. 'கதை மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்குகின்றது. முன்னிரண்டும் நீ வாயிலில் தயங்கி நின்ற பக்கங்கள்' என்று காட்டிவிட்டால், அடுத்த கதையை அவளே உள்ளிருந்து தொடங்குவாள்.

பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்தார். அக்காலத்தில் கனகசுப்புரத்தினம் என்னும் இளம் பள்ளியாசிரியரை நண்பர்கள் நடுவே ஒரு பாட்டு எழுதச் சொன்னார். எழுதிய பாட்டைக் கேட்டு நன்றென்று வாயாற் சொல்லி விட்டுவிடவில்லை. அவரைத் தம் பாவலர் குழுவைச் சேர்ந்தவர் என்று குறித்து அப்பாட்டைச் சுதேசமித்திரன் இதழுக்கு விடுத்தார். அந்த இளைஞரே பாரதிதாசன். பெரும்பாவலர் ஒருவர் தம் பெயரின் நிழலை இளையவர்க்குச் சற்றே தந்தார். தமிழுக்கு ஒரு பாவேந்தர் வாய்த்தார். அன்று அத்தாளில் பிழை மட்டும் தேடப்பட்டிருந்தால்?

ஆகலின், தமிழ்ப் புலவர்களே, இதழாசிரியர்களே, மன்றத் தலைவர்களே! நும்மிடம் வரும் தாள் ஒவ்வொன்றும் ஓர் இளம் உள்ளம் முதன்முறை திறந்த கதவு. அதனை முழுமையாகப் படியுங்கள். நல்ல அடி ஒன்றேனும் கண்டு அதன்கீழ்க் கோடிடுங்கள். பிழையைத் திருத்தும் வழியோடு சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு வரியேனும் நும் கைப்பட மறுமொழி எழுதுங்கள். அதற்கும் நேரமில்லையெனின், நும் இருக்கையை நேரமுள்ளார்க்கு விட்டு எழுங்கள்!

இளையோரே! நெய்யரிகளுக்கு அஞ்சி எழுதுகோலைக் கீழே வைத்துவிடாதீர்கள். கசடு அவர்களிடமே தேங்கட்டும், நெய் நும்முடையது. எழுதுங்கள்!