பாங்காக்ல இறங்கின முதல் நாள்: "நீ போடு மச்சான், அப்புறம் பார்த்துக்கலாம்"

பாங்காக்ல எங்க தங்கணும், எங்க சாப்பிடணும்னு சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கு. நான் அந்தப் பக்கம் போகல. நாலு பேர் சேர்ந்து போற ட்ரிப்புல முதல் நாள் யார் காசு எடுக்கறாங்க, எப்படி எடுக்கறாங்கங்கறதுதான் இன்னைக்கு விஷயம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். "இப்போதைக்கு நீ போடு மச்சான், ஊருக்குப் போய் பார்த்துக்கலாம்"ங்கற ஏற்பாட்டுல ரெண்டு பேர் அடி வாங்கறாங்க. ஒருத்தர், கார்டு தேய்ச்சவர். இன்னொருத்தர், அந்த குரூப்புலயே கம்மியா சம்பாதிக்கறவர். ரெண்டு பேருமே வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க.

கணக்குக்கு ஒரு பாட் மூணு ரூபாய்னு வச்சுக்கலாம். நீங்க போற அன்னைக்கு உள்ள ரேட்டைப் பார்த்துக்கோங்க.

சென்னையில ராத்திரி ஃப்ளைட் ஏறினா விடியற நேரத்துல சுவர்ணபூமி ஏர்போர்ட்ல நிப்பீங்க. தூக்கக் கலக்கம். பெட்டி எடுத்ததும் கண்ணுக்குத் தெரியற முதல் கவுண்டர்ல பணம் மாத்தத் தோணும். மாத்தாதீங்க. கீழ்த்தளத்துல ஏர்போர்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துல தனியார் மாற்று கவுண்டர்கள் வரிசையா இருக்கு, அங்க ரேட் பொதுவா நல்லா இருக்கும். எஸ்கலேட்டர்ல இறங்கற அஞ்சு நிமிஷம்தான் வித்தியாசம்.

ஏடிஎம் பக்கம் போனா ரெண்டு விஷயம். நம்ம ஊர் கார்டுல எடுத்தா, அந்த ஊர் பேங்க் ஒவ்வொரு தடவையும் 220 பாட்டோ அதுக்கு மேலயோ கட்டணம் பிடிக்கும். 2,000 பாட் எடுத்தாலும் அதே கட்டணம், 10,000 எடுத்தாலும் அதே கட்டணம்தான். நாலு பேரும் தனித்தனியா ஆளுக்கு 2,000 எடுத்தா 880 பாட் காலி, அதாவது 2,640 ரூபாய். ரெண்டாவது, கடைசில ஒரு ஸ்கிரீன் வரும், "ரூபாய்லயே கணக்குப் போட்டுத் தரட்டுமா?"ன்னு கேக்கும். வேண்டாம்னு அமுக்குங்க. பணம் வராதோன்னு பயந்து நிறைய பேர் சரின்னு குடுத்துடறாங்க. பணம் கண்டிப்பா வரும். அவங்க வச்ச ரேட்டுக்குப் பதிலா கார்டு நெட்வொர்க் ரேட்ல கழியும், அவ்வளவுதான். கடையில கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், அங்கயும் பாட்லயே குடுங்க. கிரெடிட் கார்டை மட்டும் ஏடிஎம்ல சொருகவே சொருகாதீங்க. எடுத்த நாள்ல இருந்தே வட்டி ஓடும்.

ஊருக்குள்ள போக ரயில், பயா தாய் வரைக்கும் 45 பாட். நாலு பேருக்கு 180. டாக்ஸி மீட்டர், சுங்கம், ஏர்போர்ட் கட்டணம் எல்லாம் சேர்த்து 400 ஆச்சுன்னு வச்சாலும் ஆளுக்கு 100. ரயில்ல இறங்கி, பெட்டியோட படியேறி, ஸ்கைட்ரெயின் மாறணும்னா அந்த 55 பாட்டைக் குடுத்துடலாம்னு நான் சொல்வேன். சிக்கனம்னா எல்லாத்துலயும் கஷ்டப்படணும்னு அர்த்தம் இல்லையே.

அடுத்தது கிராண்ட் பேலஸ். வெளிநாட்டவருக்கு நுழைவு 500 பாட். பக்கத்துல படுத்திருக்கற புத்தர் இருக்கற வாட் போ, 300. சாவோ பிரயா ஆத்தைப் படகுல தாண்டினா வாட் அருண், 200. படகுக்கு அஞ்சு பாட். (வழியில ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே "இன்னைக்கு பேலஸ் மூடியிருக்கு, டுக்-டுக்ல வேற இடம் காட்டறேன்"னு சொன்னா கும்பிடு போட்டுட்டு நடையைக் கட்டுங்க. அந்த வண்டி கடைசில நிக்கறது ரத்தினக் கடை வாசல்ல.)

மூணு கோயிலும் சேர்த்து ஆளுக்கு 1,000 பாட், 3,000 ரூபாய். ஓஎம்ஆர்ல மாசம் ஒன்றரை லட்சம் வாங்கறவருக்கு இது ஒண்ணுமே இல்ல. 25,000 வாங்கறவருக்கு மாசச் சம்பளத்துல 12 சதவீதம். ரெண்டு பேரும் ஒரே காலேஜ் பெஞ்சுல உட்கார்ந்தவங்க. "எனக்குக் கால் வலிக்குதுடா, நீங்க உள்ள போயிட்டு வாங்க, நான் வெளிய இருக்கேன்"னு ஒருத்தர் சொன்னா, அது கால் வலியாதான் இருக்கணும்னு இல்ல. இதை ஒரு ஆடிட்டரா சொல்லல, நாலு ஃப்ரெண்ட்ஸ் உள்ள ஆளா சொல்றேன்.

ராத்திரி யாராவது "ரூஃப்டாப் போலாம்"னு ஆரம்பிப்பாங்க. மெனுவுல விலைக்குப் பக்கத்துல ரெண்டு கூட்டல் குறி இருக்கான்னு பாருங்க. 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதுக்கு மேல 7 சதவீதம் வாட் வரி தனின்னு அர்த்தம். 1,000 பாட்னு நினைச்சது 1,177 ஆகும். இதை நாலால வகுத்தா, ஜூஸ் குடிச்சவரும் காக்டெயில் குடிச்சவரும் ஒரே தொகை குடுக்கறாங்க. சமமா பிரிக்கறது நியாயம்னு நாம நினைச்சுக்கறோம். கணக்கு சுலபமா முடியுதுங்கறதைத் தவிர அதுல வேற நியாயம் எதுவும் எனக்குத் தெரியல.

இப்போ கார்டு தேய்ச்ச புண்ணியவானுக்கு வருவோம். ட்ரிப் முழுக்க அவர் 10,000 பாட் போட்டிருக்கார். ஃப்ரெண்ட்ஸ் கூகுள்ல ரேட் பார்த்து 30,000 ரூபாயை நாலா பிரிச்சு அனுப்பறாங்க. ஆனா அவர் கார்டுல மார்க்-அப் 3.5 சதவீதம்னா 1,050 ரூபாய், அதுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் 189. மொத்தம் 31,239. அந்த 1,239 ரூபாயைக் கேட்டா சின்னத்தனம், கேக்கலைன்னா நஷ்டம். இதுல ஒருத்தர் "சம்பளம் வரட்டும் மாப்ள"ன்னு இழுத்து, இவரால பில்லை முழுசா கட்ட முடியலன்னா, வாங்கின தேதியில இருந்தே வட்டி போட்டு அடுத்த ஸ்டேட்மென்ட்ல வந்து நிக்கும். "ரிவார்டு பாயின்ட் கிடைச்சுதே"ன்னு சொல்லாதீங்க, மார்க்-அப்போட தட்டிக் கழிச்சா அதுல பெருசா ஒண்ணும் மிஞ்சாது. திரும்ப வந்த பணம் வருமானமாயிடுமான்னு சிலர் கேக்கறாங்க. ஆகாது, அவர் போட்ட காசுதான் அவருக்கு வருது. யுபிஐல அனுப்பும்போது "பாங்காக் செலவு"ன்னு ஒரு வார்த்தை எழுதிடுங்க, போதும்.

இதுக்கு நான் சொல்ற வழி ரொம்பப் பழசு, நம்ம அம்மாக்கள் திருப்பதி டூர் போகும்போது பண்ணினது: பொது பர்ஸ். இறங்கின உடனே, ஏர்போர்ட்ல இருந்து வெளிய வர்றதுக்கு முன்னாடி, ஆளுக்கு 3,000 பாட் மாத்தி ஒரே பர்ஸ்ல போடுங்க. டாக்ஸி, ரயில், படகு, தண்ணி, எல்லாரும் சேர்ந்து சாப்பிடற சாதாரண சாப்பாடு, இவ்வளவுதான் அதுல இருந்து. கோயில் டிக்கெட், மசாஜ், சரக்கு, ஷாப்பிங் எல்லாம் அவங்கவங்க பாக்கெட். யாராவது கார்டு போட்டே ஆகணும்னா, ஸ்டேட்மென்ட்ல வந்த ரூபாயைத்தான் பிரிக்கணும், கூகுள் ரேட்டை இல்லன்னு அன்னைக்கே பேசிடுங்க. பர்ஸை வச்சிருக்க வேண்டியது நல்லா சம்பாதிக்கறவர் இல்ல, கம்மியா சம்பாதிக்கறவர். அவர் கையில இருந்தா "இது வேண்டாம்டா"ன்னு அவரால கூச்சப்படாம சொல்ல முடியும்.

"ஃப்ரெண்ட்ஸுக்குள்ள கணக்கு பார்க்கறதா, சீ"ன்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்வார். கவனிச்சுப் பாருங்க, பெரும்பாலும் அவருக்குத்தான் சம்பளம் அதிகமா இருக்கும். அவருக்குப் பெரிய மனசுன்னா ரூஃப்டாப் பில்லை அவரே குடுக்கட்டும், யாரும் தடுக்கல.

கடைசி நாள் பர்ஸ்ல மிஞ்சற சில்லறையை ஊருக்குக் கொண்டு வராதீங்க, நாணயத்தை இங்க யாரும் மாத்தித் தர மாட்டாங்க. ஏர்போர்ட் போற வழியிலயே செலவு பண்ணிடுங்க. ஃபாரெக்ஸ் கார்டா, மார்க்-அப் இல்லாத டெபிட் கார்டாங்கறதை அடுத்த வீடியோல பேசறேன்.