நாம் பிரிக்காத குப்பையைப் பிரிப்பது யார்?

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் அடி அண்ணாமலைக்கு வாருங்கள் தோழர்களே. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை இரவெல்லாம் சுற்றியவர்கள் புண்ணியத்தோடு பஸ் ஏறிவிட்டார்கள். தண்ணீர் பாட்டிலும் பேப்பர் கப்பும் சாம்பார் சாதம் ஒட்டிய தட்டும் இங்கே கிடக்கின்றன. குனிந்து அள்ளுகிறவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் நம் சேரிப் பெண்கள்.

"குப்பையைக் குறைப்போம், பூமியைக் காப்போம்" என்கிறார்கள். பூமிக்கு முன்னால் ஒரு மனுஷியின் கை இருக்கிறதே! மிச்சச் சோறு, உடைந்த கண்ணாடி, நாப்கின் எல்லாவற்றையும் ஒரே கவரில் கட்டி வீசுகிறோம். நாம் பிரிக்காததை அவர் வெறுங்கையால் பிரிக்கிறார். அந்தக் கை யாருடையது என்பதைச் சாதி முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறது.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பிரிக்கும் பொறுப்பைக் குப்பை போடுகிறவர் தலையில்தான் வைத்தன. உரிமம் இல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூட்டினால், மூன்று வேலை நாள் முன்னதாக உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும். குப்பையைப் பிரித்து ஒப்படைப்பதும் நடத்துகிறவர் பொறுப்பு என்றன. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பையும் தண்ணீர் பாக்கெட்டையும் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. அன்னதானம் போடுகிற எத்தனை பேர் இதைக் கடைப்பிடிக்கிறார்கள்? 'தூய்மைப் பணியாளர்' என்று பெயரை மாற்றினார்கள், கொரோனா காலத்தில் மாலை போட்டார்கள். கட்டி வீசும் கவர் மட்டும் மாறவில்லை.

நாம் மட்டும் யோக்கியமா? ஏப்ரல் 14 கூட்டத்தில் நம்மிடமும் பிரியாணிப் பொட்டலம், பேப்பர் கப், ஃபிளெக்ஸ். மேடையில் சாதி ஒழிப்புப் பேசிவிட்டு இறங்குகிறோம். மறுநாள் அந்த இடத்தைக் கூட்ட வருவது நம்மில் ஒருவரின் அம்மாவாக இருக்கும்.

ஆகவே நம்மிடமிருந்து தொடங்குவோம். வீட்டிலும் விடுதியிலும் மக்கும் குப்பை தனி, மக்காதது தனி. நாப்கினையும் கண்ணாடியையும் தனியே காகிதத்தில் சுற்றி அடையாளம் போட்டுக் கொடுப்போம். ஆபீசில் எவர்சில்வர் டம்ளர். குடித்தவரே கழுவ வேண்டும், ஆயாவிடம் தள்ளக்கூடாது. கூட்டத்துக்குத் துணி பேனர். கூட்டம் முடிந்ததும் முதலில் துடைப்பம் எடுப்பவர்கள் ஆண் தோழர்களாக இருக்கட்டும்.

நம் குப்பையைத் தொட நமக்கே அருவருப்பு என்றால், அதைத் தொடுவதற்கென்று ஒரு சாதியை நாமும் வைத்திருக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

ஜெய்பீம்!