சுகு பாட மட்டும் செய்திருக்கலாமாம்!

தான்சானியாவில் ஜோசப் எம்பிலின்யி என்று ஒருவர் இருக்கிறார். முதலில் டூ-ப்ரௌட் என்ற பெயரில் ராப் பாடினார், பிறகு மிஸ்டர் டூ ஆனார், கடைசியில் சுகு என்ற பெயர் நிலைத்துவிட்டது. சுவாஹிலி மொழியில் சுகு என்றால் காய்ப்பு. உழைத்து உழைத்து உள்ளங்கையில் விழுமே, அந்தக் காய்ப்பு. ராப் என்றால் ஆங்கிலத்தில்தான் பாட வேண்டும் என்று இருந்த 90களில் சுவாஹிலியிலேயே பாடி ஆல்பம் போட்ட முன்னோடிகளில் ஒருவர். 2010ல் எம்பேயா நகரத் தொகுதியின் எம்.பி. 2018ல் சிறைக்கைதி.

இவரைப் பற்றிப் பேச்சு எடுத்தால் ஒரு பெருமூச்சு தவறாமல் வரும். "அருமையான கலைஞன்யா, சமூக அக்கறையோடு எழுதினவன். பாட்டோடு நின்றிருக்கலாம், அரசியலுக்குப் போய்க் கெட்டான்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பெருமூச்சுக்குள் ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. சமூக அக்கறை என்று பட்டம் கொடுக்கிறவர்களே அந்த அக்கறை எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று கோடும் போட்டுவிடுகிறார்கள்.

அந்தக் கோடு எப்படி வந்தது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1967ல் அருஷா பிரகடனத்தோடு நியரேரே சோஷலிசப் பாதையை அறிவித்த நாடு அது. 80களில் பொருளாதாரம் படுத்துவிட்டது. 1986ல் ஐ.எம்.எஃப். நிபந்தனைகளுக்குத் தலையாட்ட வேண்டியதாயிற்று. 1992ல் பல கட்சி முறை வந்தது. அதற்கடுத்த இரண்டு வருடங்களில் தனியார் வானொலி வந்தது. பெருநிலப் பகுதியில் தொலைக்காட்சியே 1994ல்தான்! கிராமத்தை விட்டு தார் எஸ் சலாமுக்கு வந்த இளைஞர்களுக்கு வேலை இல்லை. தெருவில் எதையாவது விற்றுப் பிழைத்தார்கள். அந்த நகரத்துக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் போங்கோ, அதாவது மூளை. மூளை இருந்தால்தான் அங்கே காலம் தள்ள முடியும். அந்த ஊர்ப் பாட்டுக்கு போங்கோ ஃப்ளேவா என்று பெயர் வந்ததும் இதனால்தான்.

ராப் பாடும் பையன்களை அன்றைக்குப் பெரியவர்கள் ரவுடிகளாகத்தான் பார்த்தார்கள். தொளதொள பேன்ட், திருப்பிப் போட்ட தொப்பி, அமெரிக்கக் குரங்காட்டம். இந்தக் கெட்ட பெயரைக் கழுவ அவர்கள் பிடித்துக்கொண்ட சொல் 'உஜும்பே'. செய்தி என்று பொருள். எங்கள் பாட்டில் செய்தி இருக்கிறது, நாங்கள் சமூகத்துக்குப் பாடம் சொல்கிறோம் என்றார்கள். மெல்ல மெல்லக் கதவு திறந்தது. எய்ட்ஸ் பற்றிப் பாடினால் வானொலி போட்டது, தொண்டு நிறுவனங்கள் மேடை கொடுத்தன. எய்ட்ஸில் சாகப்போகும் ஒருவன் தன் கதையைச் சொல்வதாக ஃபெரூஸ் பாடிய 'ஸ்தரேஹே' நாடு முழுக்க ஒலித்தது. நல்ல பாட்டுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மாதிரிப் பாட்டுகளில் குற்றவாளி யார்? நோய். இல்லாவிட்டால் ஒழுக்கம் தவறிய தனிமனிதன். ஆஸ்பத்திரியில் மருந்து ஏன் இல்லை, அதற்கான பணம் எங்கே போனது என்ற கேள்வி வராத வரை எல்லோரும் கைதட்டுவார்கள்.

சுகு 90களின் பிற்பகுதியில் பாடிய 'ஹாலி ஹலிசி' அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் போனது. உள்ளது உள்ளபடி, உண்மை நிலவரம் என்று அர்த்தம். அவருக்குப் பின்னால் வந்த ப்ரொஃபசர் ஜே 2001ல் 'ண்டியோ எம்ஸே' என்று ஒரு பாட்டு போட்டார். 'ஆமாம் ஐயா' என்று பொருள். மேடையில் நின்று வாய்க்கு வந்த வாக்குறுதியெல்லாம் அள்ளிவிடும் அரசியல்வாதி, அதற்கெல்லாம் ஆமாம் ஐயா போடும் கூட்டம். ஊரே சிரித்தது. யார் பெயரும் இல்லை, அதனால் அரசியல்வாதிகளும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போகலாம். கிண்டலுக்கு உள்ள வசதியே அதுதானே.

இங்கே காசு விஷயத்தையும் பேசியாக வேண்டும். இதைப் பேசாமல் கலை, கலைஞன் என்று உருகுவதில் அர்த்தமில்லை. பி.காம்.மில் ராயல்டி கணக்கு போட்டவர்களுக்குத் தெரியும்: மினிமம் ரென்ட், ஷார்ட் வொர்க்கிங்ஸ் எல்லாம் எழுதலாம், ஆனால் எத்தனை பிரதி விற்றது என்ற எண் கையில் இல்லாவிட்டால் ஒரு வரிகூட எழுத முடியாது. தார் எஸ் சலாம் கேசட் வியாபாரத்தில் அந்த எண் விநியோகஸ்தருக்கு மட்டுமே தெரியும். பாடகன் ஒரு மொத்தத் தொகையை வாங்கிக்கொண்டு மாஸ்டரைக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். காப்புரிமைச் சட்டம் 1999ல் வந்தது, கொசோட்டா என்று ஒரு சங்கமும் வந்தது. சட்டம் வந்தது, பணம் வரவில்லை. நாடே முணுமுணுக்கும் பாட்டை எழுதியவன் வாடகை கட்ட முடியாமல் நின்றான். வானொலியில் பாட்டு போட வேண்டுமென்றால் அறிவிப்பாளரைக் 'கவனிக்க' வேண்டும் என்ற புலம்பல் வேறு.

இதையெல்லாம் பாட்டிலேயே திட்டித் தீர்க்கலாம். திட்டினார்கள். 2011ல், எம்.பி.யாக இருந்துகொண்டே, ஒரு பெரிய வானொலி நிறுவனத்தை எதிர்த்துத் தோழர்களோடு சேர்ந்து 'ஆன்டி வைரஸ்' என்று ஒரு மிக்ஸ்டேப் வெளியிட்டார் சுகு. பாட்டை ஒலிபரப்புகிறவனையே எதிர்த்துப் பாடினால் அந்தப் பாட்டு எங்கே ஒலிக்கும்? இந்த இடத்தில்தான் 'பாட்டோடு நின்றிருக்கலாம்' என்ற அறிவுரை பல்லிளிக்கிறது. காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தும் இடம் பாராளுமன்றம். வானொலி உரிமம் எந்த விதிப்படி என்று முடிவாகும் இடமும் அதுதான். உண்மை நிலவரத்தைப் பாடியவன் அதைக் கேள்வியாகக் கேட்கக்கூடிய இடத்துக்குப் போனால் அது எப்படி வழிதவறியதாகும்? அவர் போனது எதிர்க்கட்சியான சாடேமாவில். 2015ல் மீண்டும் ஜெயித்தார். அதே தேர்தலில் ப்ரொஃபசர் ஜேயும் மிகுமி தொகுதியில் ஜெயித்து உள்ளே வந்தார்.

அதே 2015ல் ஜனாதிபதியானவர் மகுஃபுலி. அதன்பின் நடந்ததை வரிசையாகப் பார்த்தால் கோடு எங்கே இருக்கிறது என்பது பளிச்சென்று தெரியும். 2017 மார்ச்சில் நே வா மிதேகோ என்ற ராப் பாடகர் 'வாபோ' பாட்டுக்காகக் கைதானார். மறுநாளே விடுதலை. எப்படி? ஜனாதிபதிக்குப் பாட்டு பிடித்துவிட்டதாம்! வரி ஏய்ப்பவர்களைப் பற்றியும் சேர்த்துக்கொள்ளலாமே என்று யோசனையும் வந்தது. கைது செய்வதும் அரசாங்கம், பாட்டைத் திருத்திக் கொடுப்பதும் அரசாங்கம். இதற்கு உள்ளேயே வைத்திருக்கலாம். அடுத்த மாதம் ரோமா என்ற பாடகரை ஸ்டூடியோவிலிருந்து அடையாளம் தெரியாத ஆட்கள் கடத்திப் போனார்கள். மூன்று நாள் கழித்து உடம்பில் காயங்களோடு திரும்பினார்.

சுகுவின் முறை 2017 டிசம்பரில் வந்தது. எம்பேயாவில் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசினார். ராப் இல்லை, பீட் இல்லை, சும்மா பேச்சு. ஜனாதிபதியை அவமதித்தார் என்று வழக்கு. 2018 பிப்ரவரியில் ஐந்து மாத சிறைத்தண்டனை. மே மாதம்தான் வெளியே வந்தார். 'நிலவரம் சரியில்லை' என்று இருபது வருடம் பாடியபோது முன்னோடி, கலைஞன், நாட்டின் சொத்து. 'இவர்தான் காரணம்' என்று ஆளைக் காட்டியதும் கைதி. அதே 2018ல் இணையத்தில் எழுதுகிறவர்களும் உரிமம் வாங்க வேண்டும் என்று விதி வந்தது. கட்டணமெல்லாம் சேர்த்து சுமார் 900 அமெரிக்க டாலர். அந்தக் கணக்கில் இங்கே எத்தனை பேர் எழுதிக்கொண்டிருப்பார்கள் என்று அவரவர் பர்ஸைத் தடவிப் பார்த்துக்கொள்ளலாம்.

சுகுவை மகானாக்க வேண்டியதில்லை. பதவிக்கு வந்த பிறகு அவர் எழுதியவற்றில் பழைய கூர்மை இல்லை என்று சொன்னால் அதில் உண்மை உண்டு. மேடைப்பேச்சின் சத்தம் பாட்டுக்குள் வந்துவிட்டது. அது ரசனை சார்ந்த குறை, தாராளமாகச் சொல்லலாம். 'கலைஞனுக்கு அரசியல் எதற்கு' என்பது வேறு விஷயம். அதைச் சொல்கிறவர்கள் எல்லாக் கலைஞனுக்கும் சொல்ல வேண்டும். 2020 தேர்தலில் சுகு அன்றைய துணை சபாநாயகர் துலியா ஆக்சனிடம் தோற்றார். ப்ரொஃபசர் ஜேயும் தோற்றார். எதிர்க்கட்சிகள் ஏறக்குறைய துடைத்தெறியப்பட்ட அந்தத் தேர்தல் முடிவை அவர்கள் ஏற்கவே இல்லை. அதே தேர்தலில் எம்வானா எஃப்.ஏ. என்ற இன்னொரு ராப் பாடகர் ஆளும் சி.சி.எம். கட்சி சார்பில் முஹேசாவில் ஜெயித்தார். அவரும் எய்ட்ஸ் பற்றிப் பாடியவர், திறமைசாலி. 2023ல் கலை, பண்பாட்டுத் துறைக்கே துணை அமைச்சரானார். அவரைப் பார்த்து யாராவது பெருமூச்சு விட்டார்களா? 'பாட்டோடு நின்றிருக்கலாமே' என்று வருத்தப்பட்டார்களா? அவர் துணை அமைச்சராக இருந்தபோதே, 2024ல், ஆட்கடத்தல்களையும் கொலைகளையும் பற்றிப் பாடியதற்காகக் கலை மன்றமான பஸாட்டா, நே வா மிதேகோ மீது மறுபடி நடவடிக்கை எடுத்தது. அந்த மன்றம் அதே அமைச்சகத்தின் கீழ்தான் வருகிறது.

சுகு 2024 ஆகஸ்டில் எம்பேயாவில் தன் கட்சித் தலைவர்களோடு மறுபடி கைதானார். 2025 ஏப்ரலில் அவருடைய கட்சியை அந்த வருடத் தேர்தலில் நிற்கவே விடாமல் தேர்தல் ஆணையம் ஒதுக்கிவிட்டது. இனியாவது பாட்டுக்குத் திரும்பட்டும் என்று இப்போதும் யாராவது சொல்வார்கள். சொல்கிறவர்கள் அந்தப் பாட்டை எந்த வானொலி போடும் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.