தலையில் விழுந்த குலை

செம்பனைக் குலை தலையில் விழுந்தாலும், "ஒன்னுமில்லே மண்டோர்" என்று தடவிக்கொண்டு மறுபடி அரிவாள் கழியைத் தூக்குவது நம்மவர் வழக்கம். இருபது கிலோ குலைக்கும் அதே பேச்சுத்தான்!

மூளையைச் சுற்றிக் கசியும் இரத்தம் உடனே தன்னைக் காட்டிக்கொள்ளாது. சிலருக்குச் சில மணி நேரத்தில் மயக்கம் வரும். வயதானவர்க்கும் குடிப்பழக்கம் உள்ளவர்க்கும் மூன்று நான்கு வாரம் கழித்துக்கூடத் தலைவலி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் தொடங்கும். வீட்டிலோ, "தண்ணி போட்டிருக்காரு" என்று படுக்க வைத்துவிடுகிறார்கள்! பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஸ்கேன் காட்டிக்கொடுக்கும். மண்டையில் துளையிட்டு இரத்தத்தை வடித்துவிட வழியுண்டு.

இன்னொன்று. அடிபட்ட அன்றே கிளினிக்கிலும் கிராணியிடமும் சொல்லிப் பதிந்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிப்பது நிர்வாகத்தின் கடமை. ஏட்டில் ஏறாத அடிக்கு ஒரு மாதம் கழித்து யார் சாட்சி சொல்வது?