திருடப்பட்ட நாளிதழில் பிறந்த புதையல்

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘டின்டின்’ படம் 2011இல் வெளிவந்தது. அதைப் பார்த்தவர்களுக்கு அந்த மூன்று பொம்மைக் கப்பல்கள் மறந்திருக்காது. ஒவ்வொரு கப்பலின் பாய்மரத் தண்டுக்குள்ளும் ஒரு தோல்சுருள். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்தான் புதையலுக்கு வழி தெரியும். கடல் கொள்ளையர்கள், பாலைவனம், வாயைத் திறந்தால் வசைமாரி பொழியும் கேப்டன் ஹேடாக் என்று ஓடிய அந்தப் படத்தின் கதை, டின்டின் வரிசையின் மூன்று சித்திரக்கதைகளிலிருந்து திரட்டப்பட்டது. மூன்றும் முதலில் அச்சானது 1940க்கும் 1943க்கும் இடையில், பெல்ஜியத்தில், நாஜி ஜெர்மனியின் பிடியில் இருந்த ஒரு நாளிதழில். படம் இதைச் சொல்லவில்லை. கடைகளில் கிடைக்கும் வழக்கமான பதிப்புகளைப் புரட்டும் சிறுவருக்கும் இது தெரிய வழியில்லை.

தெரிய வேண்டும். அந்தக் கதைகளை நேசிப்பவர்களுக்குத்தான் அது முதலில் தெரிய வேண்டும்.

டின்டினைப் படைத்த எர்ஜேயின் இயற்பெயர் ஜார்ஜ் ரெமி. பெயரின் முதலெழுத்துகளைத் திருப்பிப் போட்டுப் பிரெஞ்சில் உச்சரித்தால் ‘எர்ஜே’. பிரஸ்ஸல்ஸில் 1907இல் பிறந்த அவர், 1929 ஜனவரி 10 அன்று ஒரு கத்தோலிக்க நாளிதழின் சிறுவர் இணைப்பில் டின்டினை நடமாட விட்டார். தொடக்கத்தில் வந்த காங்கோ கதை காலனிய மமதையில் ஊறியது. ஆனால் மனிதர் அங்கேயே நின்றுவிடவில்லை. சீன மாணவர் ஒருவரின் நட்பு கிடைத்ததும், சீனாவில் ஜப்பான் நடத்திய அத்துமீறலை ‘நீலத் தாமரை’யில் துணிந்து வரைந்தார். ஒரு சின்ன நாட்டை விழுங்கத் திட்டமிடும் சதிகாரர்களின் கதையை 1938இல் தொடங்கியபோது, சதித் தலைவனுக்கு அவர் வைத்த பெயர் மூஸ்ட்லர். முசோலினி பாதி, ஹிட்லர் பாதி. உலகில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளத் தெரியாத ஓவியர் அல்ல அவர்.

1940 மே 10 அன்று ஜெர்மானியப் படைகள் பெல்ஜியத்துக்குள் நுழைந்தன. எர்ஜே வேலை பார்த்த நாளிதழ் மூடப்பட்டது. மியுல்லர் என்ற ஜெர்மானியர் வில்லனாக வந்த எண்ணெய்க் கிணற்றுக் கதை பாதியில் நின்றது. பிரான்சுக்கு ஓடியவர், மன்னர் மூன்றாம் லியோபோல்ட் சரணடைந்து மக்களை வேலைக்குத் திரும்பச் சொன்னதும் ஊருக்கு வந்தார். அந்த நேரத்தில் பிரஸ்ஸல்ஸின் பெரிய நாளிதழான ‘லெ சுவார்’ உரிமையாளர்களிடமிருந்து பறிக்கப்பட்டு, ஜெர்மானியர் கண்காணிப்பில் வெளிவரத் தொடங்கியிருந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘திருடப்பட்ட லெ சுவார்’. திட்டினாலும் வாங்கினார்கள், ஏறத்தாழ 3 லட்சம் பிரதிகள் விற்றன. அதன் சிறுவர் இணைப்பில் 1940 அக்டோபர் 17 அன்று டின்டின் மறுபடி தோன்றினார். கேப்டன் ஹேடாக்கின் முதல் வரவு அடுத்த ஜனவரியில்.

ஒரு படைப்பாளியின் திறமை நெருக்கடியில் எப்படிக் கூர்மை பெறும் என்பதற்கு அடுத்த மூன்று ஆண்டுகள் அரிய உதாரணம். காகிதத் தட்டுப்பாட்டால் 1941 செப்டம்பரில் சிறுவர் இணைப்பு நின்றுபோக, டின்டின் நாளிதழின் உள்பக்கத்தில் தினம் ஒரு சிறு வரிசையாகச் சுருங்கினார். வாரத்துக்கு இரண்டு முழுப் பக்கங்களில் நிதானமாகக் கதை சொல்லிப் பழகியவர், இப்போது சில கட்டங்களுக்குள் ஒரு சிரிப்பும் ஒரு திடுக்கிடலும் வைத்தாக வேண்டும். நாளைக்கும் வாசகர் வர வேண்டும். அந்தத் துரத்தலும் வேகமும் இன்றும் அந்தப் பக்கங்களில் துடிக்கின்றன. காகிதத்தை மிச்சப்படுத்த காஸ்டர்மன் பதிப்பகம் 62 பக்க வண்ணத் தொகுப்பு என்ற வடிவத்துக்கு மாறியதும் இதே காலத்தில்தான். பிற்காலத்தில் ஐரோப்பியச் சித்திரக்கதையின் அடையாளமாகவே ஆகிப்போன வடிவம் அது.

கதைப்பொருளும் மாறியது. சர்வாதிகாரிகள் மறைந்தார்கள். அபினி கடத்தல், விண்கல், கொள்ளையர் புதையல், இன்கா சாபம் என்று எல்லாம் அரசியலிலிருந்து தள்ளி நின்றன. ‘சிவப்பு ராக்கமின் புதையல்’ முடியும் விதம் இங்கே கவனிக்கத் தக்கது. டின்டினும் ஹேடாக்கும் கடல் கடந்து, மூழ்கிய கப்பல்வரை தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள். புதையல் கிடைப்பது ஹேடாக்கின் முன்னோர் வாழ்ந்த மாளிகையின் நிலவறையில். நாட்டைவிட்டு நகர முடியாமல், வயிற்றுக்குப் போதாத பங்கீட்டு உணவோடு அடைபட்டுக் கிடந்த வாசகர்களுக்கு, செல்வம் சொந்த வீட்டின் அடித்தளத்திலேயே இருக்கிறது என்ற கற்பனை எத்தனை இதமாக இருந்திருக்கும்! அந்த ஆறுதல் பொய்யல்ல. அதைக் கொடுத்தவரைக் குறைத்து மதிப்பிடவும் முடியாது.

ஆனால் அதே கை வேறொன்றையும் வரைந்தது. 1941 அக்டோபரில் தொடங்கிய விண்கல் கதையின் பிரெஞ்சுப் பெயருக்குப் பொருள் ‘மர்ம நட்சத்திரம்’. கடலில் விழுந்த விண்கல்லை யார் முதலில் அடைவது என்பது போட்டி. டின்டினின் அணியில் இருக்கும் அறிஞர்கள் ஜெர்மனி, ஸ்பெயின், போர்ச்சுகல், சுவீடன், சுவிட்சர்லாந்து நாட்டவர்கள். எதிரணி அமெரிக்கக் கொடியோடு வருகிறது. அதை இயக்குபவர் ப்ளூமென்ஸ்டைன் என்ற நிதி முதலாளி. பெயரிலிருந்து மூக்கு வரை, யூதர்களை இழிவுபடுத்த அன்றைய பிரச்சாரச் சுவரொட்டிகள் பயன்படுத்திய அதே சித்திரிப்பு. நாளிதழில் வந்த ஒரு காட்சியில், உலகம் அழியப்போகிறது என்று கேட்டு இரண்டு யூத வியாபாரிகள் மகிழ்கிறார்கள்: கடனைத் திருப்பித் தர வேண்டியதில்லையாம்.

அந்தக் கதை 1942 மே 21 அன்று முடிந்தது. ஆறு நாள் கழித்து, மே 27 அன்று, பெல்ஜியத்து யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும் என்ற ஜெர்மானிய ஆணை வந்தது. அடுத்த டின்டின் கதையான ‘யூனிகார்ன் கப்பலின் ரகசியம்’ ஜூன் 11 அன்று தொடங்கியது. அது ஓடிக்கொண்டிருந்த ஆகஸ்ட் 4 அன்று மெகெலன் நகரிலிருந்து யூதர்களை ஏற்றிய முதல் ரயில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குப் புறப்பட்டது. 1944 கோடைக்குள் அங்கிருந்து அனுப்பப்பட்டவர்கள் 25,000க்கும் அதிகம். இந்தத் தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபின் அந்தக் கேலிச்சித்திரத்தைக் காலத்தின் பழக்கம் என்று சொல்லிக் கடந்துபோக மனம் ஒப்புவதில்லை.

எர்ஜே பிற்காலத்தில் சொன்ன சமாதானம் எளிமையானது: ரயில் ஓட்டுநரும் ரொட்டி சுடுபவரும் தங்கள் வேலையைச் செய்தார்கள், நானும் என் வேலையைச் செய்தேன். கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ரொட்டிக் கடையில் ரொட்டி மட்டுமே கிடைக்கும். டின்டினுக்காக நாளிதழ் வாங்கிய வீட்டுக்குள் அதே தாளில் ஆக்கிரமிப்பாளரின் போர்ச் செய்தியும் யூத வெறுப்புக் கட்டுரையும் சேர்ந்தே நுழைந்தன. வாசகரை இழுக்கும் காந்தமாக டின்டின் இருந்தார் என்பதே அந்த இதழுக்கு அவருடைய மதிப்பு.

வேறு வழியே இல்லை என்பதும் உண்மையல்ல. மஞ்சள் நட்சத்திரங்களை விநியோகிக்கும் வேலையை பிரஸ்ஸல்ஸ் பகுதி மேயர்கள் மறுத்தார்கள். ‘ஸ்பிரூ’ என்ற போட்டிச் சித்திரக்கதை இதழின் ஆசிரியர் ழான் துவாசி எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர். ஜெர்மானியர்கள் 1943இல் அந்த இதழைத் தடை செய்தார்கள். (சிவகாசி லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான லக்கி லூக், போர் முடிந்தபின் இந்த ‘ஸ்பிரூ’ குடும்பத்தில் பிறந்தவர்தான்.) 1943 நவம்பர் 9 அன்று நடந்தது இன்னும் துணிச்சலானது. எதிர்ப்பு இயக்கத்தினர் ‘லெ சுவார்’ போலவே ஒரு போலி இதழை 50,000 பிரதிகள் அச்சிட்டு, ஆக்கிரமிப்பாளரை நையாண்டி செய்யும் செய்திகளை நிரப்பி, நகரத்துக் கடைகளிலேயே விற்க வைத்தார்கள். பங்கேற்ற சிலர் பிடிபட்டு வதைமுகாம்களுக்குப் போனார்கள்.

எல்லோரும் அத்தகைய வீரத்தைக் காட்ட வேண்டும் என்று எண்பது ஆண்டு கழித்து, சாப்பாட்டுக்கும் உயிருக்கும் பயமில்லாத இடத்தில் உட்கார்ந்து கேட்பது எளிது, நியாயமல்ல. எர்ஜே யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. 1944 செப்டம்பர் 3 அன்று பிரஸ்ஸல்ஸ் விடுதலை பெற்றபோது இன்கா சாபக் கதை நடுவில் அறுந்தது. ஆக்கிரமிப்பாளருக்கு ஒத்துழைத்தார் என்ற குற்றச்சாட்டில் அவர் நான்கு முறை கைதானார், ஓர் இரவு சிறையில் கழித்தார், பத்திரிகையில் வேலை செய்யத் தடை வந்தது. 1945 இறுதியில் வழக்கு கைவிடப்பட்டது. எதிர்ப்பு இயக்கத்தில் போராடிய ரேமோன் லெப்லான் என்பவரே கைகொடுத்து, 1946 செப்டம்பரில் ‘டின்டின்’ வார இதழைத் தொடங்கினார். அறுந்த கதை அங்கே தொடர்ந்தது. நாஜிகளின் ‘புதிய ஒழுங்கு’ மேல் தானும் நம்பிக்கை வைத்தது தவறு என்று 1970களில் எர்ஜே ஒப்புக்கொண்டார்.

மனிதருக்கு மன்னிப்பு உண்டு. புத்தகத்தில் நடந்தது வேறு. வியாபாரிகள் வரும் காட்சி தொகுப்பில் இடம்பெறவே இல்லை. பின்னால் அமெரிக்கக் கொடி போய், கற்பனை நாடு ஒன்று வந்தது. ப்ளூமென்ஸ்டைன் ‘போல்விங்கல்’ ஆனார். பிரஸ்ஸல்ஸ் வட்டார வழக்கில் மிட்டாய்க் கடையைக் குறிக்கும் சொல் என்று நினைத்து வைத்த பெயர், அதுவும் யூதக் குடும்பப் பெயராக அமைந்துவிட்டது. மூக்கு அப்படியே இருந்தது. பெயரையும் கொடியையும் அழித்ததால் கதை திருந்தவில்லை. அது எங்கே, எப்போது, யாருக்காக வரையப்பட்டது என்ற தடயம் மட்டும் வாசகரின் கண்ணிலிருந்து போய்விட்டது.

காங்கோ கதைக்கு 2005இல் வந்த ஆங்கிலப் பதிப்பில் பின்னணியை விளக்கும் ஒரு முன்னுரையைச் சேர்த்தார்கள். அதே முறை இந்தப் போர்க்காலக் கதைகளுக்கும் வேண்டும். இவற்றைத் தடை செய்ய அவசியமே இல்லை. பத்து வயதுப் பிள்ளை யூனிகார்ன் கப்பலில் ஏறத்தான் வேண்டும். ‘மர்ம நட்சத்திரம்’ தொகுப்பின் தொடக்கத்தில் நான்கு பக்கம் ஒதுக்கினால் போதும். திருடப்பட்ட ‘லெ சுவார்’ இதழின் ஒரு முழுப் பக்கத்தை, டின்டினைச் சுற்றி அன்று அச்சான செய்திகளோடு அப்படியே காட்டலாம். நீக்கப்பட்ட காட்சியை அதன் தேதியோடு அச்சிடலாம். அதன் எதிர்ப்பக்கத்தில் 1942 மே 27 ஆணையும், மெகெலனிலிருந்து புறப்பட்ட ரயில்களின் தேதிகளும் இருக்கட்டும். அதற்குப் பின் கதை தொடங்கட்டும்.